சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்

கெமெஞ்சேவிலிருந்து கிம்மாஸுக்குப் போகும் வழியில், ஆற்றுப் பாலத்தை ஒட்டி ஒரு போர் நினைவுச்சின்னம் இருக்கிறது. இடைநிலைப்பள்ளி மாணவர்கள் இருபது முப்பது பேரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருடத்துக்கு ஒருமுறை அங்கே போவேன். நெகிரி செம்பிலானில் ‘போர் நடந்த இடத்தைக் காட்டுங்கள்’ என்று யார் கேட்டாலும் முதலில் கைகாட்டப்படும் இடம் அதுதான். கல் இருக்கிறது, தேதி இருக்கிறது, படம் எடுத்துக்கொள்ள வசதியாக இருக்கிறது.

முதல் பயணத்திலேயே நான்காம் படிவ மாணவி ஒருத்தி கல்லை முழுவதும் படித்துவிட்டுக் கேட்டாள். “இதுல நம்ம ஆளுங்க எங்க சார்?”

அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதன்பிறகு பயணத் திட்டத்தையே அந்தக் கேள்வியை வைத்துத்தான் மாற்றி எழுதினேன்.

பாலத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. மூன்று நாள் கழித்து, ஜனவரி 14 அன்று, ஆஸ்திரேலியாவின் 2/30-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த ஒரு கம்பெனி இந்தப் பாலத்தருகே புதரில் பதுங்கியிருந்தது. மாலை நான்கு மணிவாக்கில் ஜப்பானியர் வந்தார்கள். வந்தது டாங்கியில் அல்ல, சைக்கிளில். நூற்றுக்கணக்கானவர்கள் பாலத்தைக் கடக்கும்வரை விட்டு, பிறகு வெடிவைத்துத் தகர்த்தார்கள். பாலத்தின் இரண்டு பக்கமும் பெரும் சேதம். ஆனால் பீரங்கிப் படைக்குப் போகும் தொலைபேசிக் கம்பி அறுபட்டிருந்ததால் பின்னாலிருந்து குண்டுகள் வந்து சேரவில்லை. சில மணி நேரத்தில் ஜப்பானியர் பாலத்தைச் சரிசெய்துவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 15-இல், சிங்கப்பூர் சரணடைந்தது.

இவ்வளவையும் கேட்ட பிறகு மாணவர்களிடம் நான் ஒன்று சொல்வேன். “அந்த சைக்கிளை மறந்துடாதீங்க. எட்டு மாசம் பின்னால போகணும்.”

1941-இன் தொடக்க மாதங்களில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆர்.எச். நாதன் அவர்களின் தலைவர்களில் முக்கியமானவர். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி வேண்டும், கொடுமை செய்யும் கங்காணிகளை நீக்க வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும் என்று கோரிக்கைகள் இருந்தன. அவற்றோடு, இன்று கேட்டால் விசித்திரமாகத் தோன்றும் ஒன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். கலவரம் வெடித்தது, படை இறங்கியது, தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

எட்டு மாதத்தில் அதே துரைமார்கள் பங்களாவைப் பூட்டக்கூட நேரமில்லாமல் சிங்கப்பூர் பக்கம் ஓடினார்கள். தோட்டச் சாலைகளில் ஆசியச் சிப்பாய்கள் சைக்கிளில் போனார்கள், யாருக்காகவும் இறங்கவில்லை. லயத்து வாசலில் நின்று அதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசிக்கச் சொல்வேன். பாலத்துக் கல்லில் நம் ஆட்கள் இல்லை. ஆனால் அந்தச் சாலையோரத்தில் அவர்கள் இருந்தார்கள்.

அடுத்த நிறுத்தம் சிரம்பான். ஏரிப் பூங்காவில் மரத்தடியில் உட்காரவைத்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, 1945 ஆகஸ்டைப் பற்றிப் பேசுவேன். இந்திய தேசிய இராணுவத்துக்கு, அதாவது ஐ.என்.ஏ.வுக்கு, சிரம்பானில் பயிற்சி முகாம் இருந்தது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த அந்த வாரம் நேதாஜி இங்கேதான், இந்த ஊர் விருந்தினர் விடுதியில், தங்கியிருந்தார். ரஷ்யா போரில் இறங்கிவிட்டது என்ற செய்தி அவருக்கு இங்கேதான் வந்தது. ஜப்பான் சரணடையப் போகிறது என்ற செய்தியைச் சிங்கப்பூரிலிருந்து இரண்டு பேர் காரில் வந்து இரவில் சொன்னதும் இங்கேதான். அவருடன் இருந்த எஸ்.ஏ. ஐயர் பின்னாளில் இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். அடுத்த நாளே நேதாஜி சிங்கப்பூருக்குப் புறப்பட்டார். ஆகஸ்ட் 16-இல் அங்கிருந்து விமானம் ஏறினார். 18-இல் தைப்பேயில் விபத்து.

இந்தியாவின் விடுதலைப் போர் ஒன்று முடிந்துபோன செய்தி நம்ம சிரம்பானுக்கு வந்தது என்று சொன்னால் பையன்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். “நம்ம சிரம்பானா சார்?” என்று கேட்காத வருடம் இல்லை. அந்தப் பெருமிதத்தைக் கெடுக்க எனக்கும் மனம் வராது. ஆனால் அதோடு நிறுத்தினால் நான் வழிகாட்டி இல்லை, மேடைப் பேச்சாளன்.

ஏனென்றால் அதே ஆண்டுகளில் இதே ஊர் வழியாக வேறொரு ரயிலும் போனது. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதை போட ஜப்பானியர் மலாயாவிலிருந்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். சரக்குப் பெட்டியில் அடைத்து, நாள்கணக்கில் பயணம், பான்போங்கில் இறக்கி, அங்கிருந்து காட்டுக்குள் நடை. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள்.

ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர்கள் எல்லாரும் பாரத மாதாவை நினைத்துத்தான் சேர்ந்தார்களா? சிலர் அப்படித்தான். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூரில் தலைமை ஏற்றதும் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் பேர் கொடுத்தார்கள். அக்டோபரில் ஜான்சி ராணி படைமுகாம் திறந்தபோது பால்மரம் வெட்டிய பெண்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். ஆனால் முகாமுக்குப் போனால் சயாமுக்குப் போக வேண்டியதில்லை என்ற கணக்கும் இருந்தது. முகாமில் சோறு கிடைக்கும் என்ற கணக்கும் இருந்தது. இதைச் சொல்வதால் அவர்களின் தியாகம் குறைந்துவிடாது என்பது என் எண்ணம். பசியோடு போனவனும் இம்பால் பக்கம் மழையில் நடந்தான். முதன்முதலாக அவனை ஒருவர் ‘கூலி’ என்று கூப்பிடாமல் பதவி சொல்லிக் கூப்பிட்டார். அதை அவன் கடைசிவரை மறக்கவில்லை.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மூன்றாவது நிறுத்தம் லாபு பக்கம் ஒரு தோட்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பாதிக்குமேல் தாமான் ஆகிவிட்ட தோட்டம். பயணத்தைத் தொடங்கிய வருடம் அங்கே 84 வயதுப் பாட்டி ஒருவர் இருந்தார். மாணவர்களைப் பார்த்ததும் உள்ளேபோய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“எங்க பெரிய அண்ணன சயாமுக்கு புடிச்சிட்டுப் போனானுங்க. சின்ன அண்ணன் போஸ் பட்டாளத்துக்குப் போயிருச்சு. ரெண்டும் ஒரே லயத்துல இருந்து, ஒரே வருசம் போனதுங்க. பெரியவரு வரல. சின்னவரு வந்தாரு, காக்கி கால்சட்டையோட.”

“சின்னவரு என்ன சொன்னாரு பாட்டி?”

“ஒண்ணும் சொல்லல. ஆனா அதுக்கப்புறம் கிராணி ‘டேய்’னு கூப்புட்டா திரும்பிப் பாக்கமாட்டாரு. பேர் சொல்லிக் கூப்புட்டாதான் பாப்பாரு. அதுக்கே ரெண்டுதரம் வேலைய விட்டு நிப்பாட்டுனாங்க.”

காக்கி கால்சட்டையோடு திரும்பியவர்கள் 1946-லிருந்து தொழிற்சங்கம் பக்கம் போனதில் ஆச்சரியம் இல்லை. நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்திலிருந்துதான் பி.பி. நாராயணன் வளர்ந்தார், 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை நடத்தினார். இன்னொரு பாதையில் போனவர் எஸ்.ஏ. கணபதி. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். 1948 ஜூனில் சம்மேளனம் தடைசெய்யப்பட்டது, சில நாளில் அவசரகாலம் பிறந்தது. 1949 மார்ச்சில் துப்பாக்கியோடு பிடிபட்டார் என்று சொல்லி, நேருவின் அரசு கருணை கேட்டும் கேளாமல், மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தைய நாள் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பாட்டிக்கு அந்தப் பெயர்கள் நினைவில்லை. அவருக்கு நினைவிருந்தது முள்வேலி. சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாக இழுத்து வேலி போட்டார்கள். காலையில் பால் வெட்டப் போகும்போது வாசலில் சோதனை. காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடக் கூடாதென்று சோற்றுக்கும் தடை. “வெறும் வயித்தோட மரம் வெட்டுனோம்ப்பா. சப்பான்காரன் காலத்துல சோறு இல்ல. வெள்ளக்காரன் காலத்துல சோறு இருந்துச்சு, கொண்டுபோவ விடல.”

பாட்டி இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அந்த லயமும் இல்லை. இப்போது அந்த இடத்தில் பஸ்ஸை நிறுத்தினால் காட்டுவதற்கு ஒரு சிறு கோவிலும் ஒரு வேப்பமரமும்தான் மிச்சம். அவர் சொன்னதை நான் சொல்கிறேன். எனக்குப் பிறகு யார் சொல்வார்கள் என்ற கவலையில்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

நினைவுச்சின்னம் தானாக முளைப்பதில்லை. காஞ்சனபுரியில் நேசநாட்டுச் சிப்பாய்களின் கல்லறைகள் வரிசை வரிசையாக, பெயர் பொறித்து, புல் வெட்டிப் பராமரிக்கப்படுகின்றன. அவர்களுக்குப் பின்னால் அரசுகள் இருந்தன. அங்கே செத்த தமிழருக்கு ஒரு நடுகல் எழ 2023 ஆனது. சிங்கப்பூரில் ஐ.என்.ஏ. வீரர்களுக்கு நேதாஜி 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தைத் திரும்பி வந்த ஆங்கிலேயர் இரண்டே மாதத்தில் இடித்தார்கள். கல் அவ்வளவு முக்கியமில்லை என்றால் வெடிவைத்து இடித்திருக்க மாட்டார்கள்.

நமக்குக் கல் இல்லாத இடங்களில் ஆள் போய் நின்று பேச வேண்டியிருக்கிறது. அதிலும் ஒரு ஆபத்து உண்டு. ‘நாம் வீரர்கள்’ என்று மட்டும் சொன்னால் பெரிய அண்ணன் கதையிலிருந்து விழுந்துவிடுகிறார். ‘நாம் பாவப்பட்டவர்கள்’ என்று மட்டும் சொன்னால் சின்ன அண்ணன் விழுந்துவிடுகிறார். இரண்டு பேரும் ஒரே லயத்துப் பிள்ளைகள்.

போன முறை திரும்பும் வழியில், பஸ்ஸில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்க, ஒரு பையன் என் பக்கத்து இருக்கைக்கு வந்தான்.

“சார், கடைசியில நம்ம ஆளுங்க ஜெயிச்சாங்களா?”

ஐ.என்.ஏ. தோற்றது. கணபதி தூக்கில் தொங்கினார். தோட்டமும் போய்விட்டது. ஆனால் துரையைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கமும் போய்விட்டது. அது யாரும் கொடுத்துப் போகவில்லை. இதையே அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எங்க தாத்தாவோட அப்பாகூட லிங்கி தோட்டம்தான் சார். வீட்ல கேட்டுப் பாக்குறேன்” என்றான்.

அடுத்த வாரம் வாட்சாப்பில் ஒரு படம் அனுப்பினான். மங்கிப்போன புகைப்படம். ஒல்லியான மனிதர் ஒருவர் லயத்து வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நேராக கேமராவைப் பார்த்து நிற்கிறார். பின்னால் தேதி இல்லை. பெயர் மட்டும் பென்சிலில் இருந்தது. பெயரைப் படமெடுத்துத் தனியாக அனுப்பியிருந்தான்.

அடுத்த பயணத்தில் லிங்கியையும் சேர்த்திருக்கிறேன்.