மருந்தூட்டும் பொறுப்பு: இஸ்லாமிய மருத்துவமனை வரலாற்றிலிருந்து

செவிலியர் பயிற்சி பெற்றுவரும் மாணவி ஒருவர் அண்மையில் தம் பாடநூலின் ஒரு பகுதியை என்னிடம் காட்டினார். நோயாளிக்கு மருந்து கொடுக்குமுன் ஐந்து செய்திகளைச் சரிபார்க்க வேண்டும் என்கிறது அந்நூல்: உரிய நோயாளி, உரிய மருந்து, உரிய அளவு, உரிய வழி, உரிய நேரம். இதற்கு நிகரான ஒழுங்கு நம் முன்னோரிடம் இருந்ததா என்று அவர் வினவினார். அர்ராஸீ, இப்னு ஸீனா என்று பெயர்களை அடுக்கி, எல்லாம் நம்மிடம் இருந்தது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவர் கேட்டது மேதைகளைப் பற்றியன்று. எழுதிக் கொடுக்கப்பட்ட மருந்து நோயாளியின் வாயைச் சென்றடையும் அந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றியே கேட்டார். அங்கே யார் பொறுப்பாளி?

சட்டத்தின் அடிப்படை ஒரு நபிமொழியில் உள்ளது. மருத்துவம் அறிந்தவர் என அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்ய முற்பட்டால், அதனால் விளையும் கேட்டுக்கு அவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கருத்துடைய அந்த ஹதீஸை அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகியோர் பதிவு செய்துள்ளனர். இமாம் இப்னுல் கய்யிம் (மறைவு ஹி. 751 / கி.பி. 1350) ‘ஸாதுல் மஆத்’ நூலில் இதனை விரித்துரைக்கிறார். தகுதி வாய்ந்த மருத்துவரே ஆராய்ந்து கொடுத்த மருந்து பிழையாகி நோயாளி இறந்துவிட்டால் என்ன செய்வது? இழப்பீட்டை பைத்துல்மால் தரவேண்டும் என்பது ஒரு கருத்து; மருத்துவரின் தந்தைவழி உறவினரான ஆகிலா தரவேண்டும் என்பது மற்றொன்று. இரு கருத்துகளிலும் இறந்தவரின் குடும்பம் வெறுங்கையுடன் திருப்பி அனுப்பப்படவில்லை.

இதனினும் நுட்பமான நிகழ்ச்சி ஒன்று ஸஹீஹுல் புகாரியில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பாக வருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நோயுற்றிருந்தபோது, வீட்டார் வாயின் ஓரத்தில் மருந்து ஊற்றினர். வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சைகை செய்தும், நோயாளிகளுக்கு மருந்தின்மீது இயல்பாக உள்ள வெறுப்புதான் அது என்று வீட்டார் எண்ணிவிட்டனர். தெளிவு பெற்றதும், வீட்டிலிருந்த அனைவருக்கும் அதே மருந்தைத் தம் கண்ணெதிரே ஊற்றுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. அவர்கள் அவ்வேளையில் அங்கு இருக்கவில்லை. இதற்கு விரிவுரையாளர்கள் பலவாறு விளக்கம் தந்துள்ளனர். என் மனத்தில் தைப்பது ஒன்றுதான். மருந்தை ஊற்றிய கை மட்டுமல்ல, தடுக்காமல் உடனிருந்தோரும் கணக்கில் கொள்ளப்பட்டனர்.

அரசு தலையிடத் தொடங்கியபோது அதன் பார்வை முதலில் மருந்து விற்போர்மீது விழுந்தது. கலீஃபா மஃமூன், பக்தாதை அடுத்த ஒரு நிலத்தின் பெயரையே மருந்தின் பெயர்போல் எழுதிக் கடைகளுக்கு அனுப்பிய கதையை இப்னு அபீ உஸைபிஆ தருகிறார். கேட்ட மருந்து ‘இருக்கிறது’ என்று சொல்லி, காசு வாங்கிக்கொண்டு, கையில் அகப்பட்டதையெல்லாம் கொடுத்தனுப்பினராம் கடைக்காரர்கள். பின்னர் பாபக்குக்கு எதிரான போரில் (835–837) படைத்தலைவர் அஃப்ஷீனும் தம் முகாமில் இதே சோதனையைச் செய்தார். அப்படியொரு மருந்தை அறியோம் என்றவர்கள் முகாமில் தங்க அனுமதி பெற்றனர். அறிந்ததாகச் சொல்லி எதையோ விற்றவர்கள் வெளியேற்றப்பட்டனர்.

அடுத்தது மருத்துவர்களின் முறை. ஹிஜ்ரி 319-இல் (931) பக்தாதில் ஒரு மருத்துவரின் பிழையால் ஒருவர் இறந்த செய்தி கலீஃபா முக்ததிரை எட்டியது. ஸினான் இப்னு ஸாபித்திடம் தேர்வு பெறாத எவரும் மருத்துவம் செய்யலாகாது என்று அவர் ஆணையிட்டார். புகழ்பெற்றவர்களும் அரண்மனை மருத்துவர்களும் நீங்கலாக, தேர்வுக்கு வந்தோர் எண்ணூற்று அறுபதுக்கு மேல். அவர்களுள் நல்ல ஆடையணிந்த முதியவர் ஒருவரும் இருந்தார். ஸினான் அவரை மதித்து அமரச் செய்து, தங்களிடமிருந்து ஏதேனும் கேட்டறிய விரும்புகிறேன் என்றார். முதியவர் தீனார்களை எடுத்து முன்னே வைத்துவிட்டு, தமக்கு எழுதப் படிக்கவே வராது என்றும், குடும்பப் பிழைப்பைக் கெடுத்துவிட வேண்டாம் என்றும் வேண்டினார். ஸினான் நகைத்தார், ஆனால் விரட்டவில்லை. அறியாத நோய்க்கு இரத்தம் எடுப்பதோ பேதி மருந்து கொடுப்பதோ கூடாது என்று நிபந்தனை விதித்தார். தாம் காடிப் பானமான சிக்கஞ்சபீனையும் பன்னீர்ப் பாகையும் ஒருபோதும் தாண்டியதில்லை என்றார் முதியவர். மறுநாள் ஓர் இளைஞன் வந்தான். ஆசிரியர் யார் என்று கேட்டதற்கு, நேற்று வந்த முதியவரே தன் தந்தை என்றான். அவனுக்கும் அதே நிபந்தனை! கைக்கூலியின் வாடை வீசும் கதைதான் இது. எனினும், அறிவு குறைந்தவன் கையில் ஆபத்தான மருந்து சேரக்கூடாது என்ற எச்சரிக்கை அந்தச் சிரிப்பினூடே கைவிடப்படவில்லை.

ஸலாஹுத்தீன் அய்யூபியின் காலத்தவரான ஷைஸரீ, சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிபுக்காக எழுதிய கையேட்டில் மருந்துக் கலப்படங்களை இனம் காட்டுகிறார். அபினில் மாமீஸா என்னும் செடியின் சாறு கலந்திருந்தால், நீரில் கரைத்தவுடன் குங்குமப்பூ மணம் எழுமாம். நோயாளி சொன்னதையும் தாம் விதித்த மருந்தையும் மருத்துவர் எழுதி, அதன் படியை வீட்டாரிடம் தர வேண்டும் என்பதும் அவர் கூறும் விதி. நோயாளி இறந்தால் அந்த ஏடுகள் தலைமை மருத்துவர்முன் வைக்கப்படும். தவறு மருத்துவருடையது எனக் கண்டால், அவரிடமிருந்தே இழப்பீட்டைப் பெறுமாறு வாரிசுகளுக்கு அவர் சொல்வார்.

மாணவியின் கேள்விக்கு நேரடியான விடை கெய்ரோவில் கிடைக்கிறது. மன்ஸூர் கலாவூன் அமீராக இருந்த காலத்தில் டமாஸ்கஸில் கடும் வயிற்று வலியால் துன்புற்று, நூருத்தீனின் மருத்துவமனையிலிருந்து வந்த மருந்தால் குணமடைந்தார். ஆட்சி கிட்டினால் இத்தகைய மருத்துவமனை ஒன்றை எழுப்புவேன் என்று நேர்ந்துகொண்டார். ஹிஜ்ரி 683-இல் (1284) அது எழுந்தது. கட்டாய வேலை வாங்கிக் கட்டப்பட்டதால் அந்த வளாகத்து மத்ரஸாவில் தொழவும் சில உலமாக்கள் தயங்கினர் என மக்ரீஸீ குறித்திருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அதன் வக்பு சாசனம் மருந்தின் பாதையைப் படிப்படியாக வகுக்கிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் உரிய பானத்தையும் உணவையும் மருத்துவர்கள் தாளில் எழுதிவைக்க வேண்டும். அதன்படியே வழங்கல் நடைபெற வேண்டும். மார்க்கப் பற்றும் நாணயமும் உடைய இருவர் இதற்கு நியமிக்கப்படுவர். ஒருவர் கிடங்குக் காப்பாளர். பானங்கள், லேகியங்கள், தைலங்கள், கண் மருந்துகள் ஆகியவை அவர் பொறுப்பில் இருக்கும். அனுமதி பெற்றதை மட்டுமே அவர் வெளியே கொடுக்கலாம். மற்றவர், ஆண் பெண் நோயாளிகள், மனநலம் குன்றியோர் ஆகியோருக்குரிய மருந்துக் கோப்பைகளைக் காலையிலும் மாலையிலும் பெற்றுக்கொண்டு, அவரவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். அத்துடன் அவர் பணி முடிவதில்லை. தமக்கென விதிக்கப்பட்டதை ஒவ்வொருவரும் அருந்துவதை அவர் நேரில் நின்று கவனிக்க வேண்டும். உணவுக்கும் தனிக் கிண்ணம். ஒருவருடையதை மற்றவருடன் பகிரலாகாது. மூடியே கொண்டுசெல்ல வேண்டும்.

கொடுப்பவரும் எடுத்துச் செல்பவரும் வெவ்வேறு ஆட்கள் என்பதால், ஒருவர் பிழையை மற்றவர் காண வழி இருந்தது. மாத்திரையைக் கட்டிலருகே வைத்துவிட்டுச் செல்லாதே, விழுங்கும்வரை நில் என்று இன்று செவிலியருக்குக் கற்பிக்கிறார்களே, அது இந்தச் சாசனத்தில் ஊதியத்துடன் கூடிய பணியாகவே எழுதப்பட்டுள்ளது. உரிய நோயாளி, உரிய மருந்து, உரிய நேரம் ஆகிய மூன்றும் இதில் தெளிவாக உள்ளன. அளவு மருத்துவரின் தாளில் அடங்கிவிடுகிறது. வழி தனியே பேசப்படவில்லை. ஐந்தும் இருந்தன என்று நான் அந்த மாணவியிடம் சொல்லவில்லை.

அம்மருத்துவமனையின் தலைமை மருத்துவர்களுள் சிலரை வரலாற்று நூல்கள் பெயர் சொல்லி நினைவுகூர்கின்றன. காலையும் மாலையும் கோப்பைகளைச் சுமந்து சென்றவருக்கு இருக்கவேண்டிய தகுதியை மட்டுமே சாசனம் சொல்கிறது: நம்பத்தக்கவர்.