‘ஷால்’, ‘வில்’: ஒரு விதியின் வரலாறு

ஆங்கிலத்தில் எதிர்காலத்தைச் சுட்டும் ‘ஷால்’, ‘வில்’ என்னும் இரண்டும் துணைவினைகள், அதாவது முதன்மை வினையோடு சேர்ந்து நின்று அதன் காலத்தையோ பேசுவோரின் நோக்கத்தையோ காட்டுபவை. பழைய ஆங்கிலத்தில் முன்னது கடன்பட்டிருத்தலையும் பின்னது விரும்புதலையும் குறித்தன. எதிர்காலத்துக்கெனத் தனி வினைவடிவம் இல்லாத அம்மொழியில், செய்யக் கடமைப்பட்டதும் செய்ய விரும்புவதும் இனி நிகழவேண்டியவையே என்பதால், இவ்விரண்டும் காலப்போக்கில் அந்த இடத்தைப் பிடித்தன.

இவற்றை வேறுபடுத்தி விதி வகுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டின் வடிவியல் பேராசிரியரான ஜான் வாலிஸ். பிறநாட்டார் ஆங்கிலம் கற்பதற்கென 1653இல் இலத்தீனில் அவர் வெளியிட்ட இலக்கண நூலின்படி, நிகழப்போவதை வெறுமனே அறிவிக்கையில் தன்மைக்கு ‘ஷால்’, முன்னிலைக்கும் படர்க்கைக்கும் ‘வில்’. வாக்குறுதியோ அச்சுறுத்தலோ ஆயின் இவை இடம் மாறும். தம்மைக் குறித்து ‘வில்’ என்பவர் தம் விருப்பத்தை வெளியிடுகிறார், பிறரைக் குறித்து ‘ஷால்’ என்பவரோ தம் முடிவை அவர்மேல் சுமத்துகிறார் என்பதே இதன் அடிப்படை.

நுட்பமான இந்தப் பாகுபாடு, லிண்ட்லி மர்ரே 1795இல் வெளியிட்ட இலக்கணம் போன்ற பாடநூல்களின் வழியே பள்ளிகளில் வேரூன்றியபின், பேச்சைத் தரம் பிரிக்கும் அளவுகோலாயிற்று. நீரில் மூழ்கியவர் இரு வினைகளையும் மாற்றிச் சொன்னதால், அவர் சாகவே விரும்புகிறார், யாரும் காப்பாற்றக்கூடாது என்கிறார் எனக் கரையிலிருந்தோர் வாளாவிருந்தனர் என்ற கதை, ஸ்காட்லாந்தினரையும் அயர்லாந்தினரையும் இழிவுபடுத்தவே வழங்கியது. தங்கள் மண்ணின் வழக்கைப் பேசியோரைக் குற்றவாளிகளாக்கிய இப்போக்கு நியாயமற்றது. மேலும், ஆங்கில நாடகங்களின் உரையாடல்களை ஆராய்ந்த சார்லஸ் ஃப்ரைஸ், தன்மையிலும் ‘வில்’ என்பதே மிகுதியாக வழங்கியதை 1925இல் எடுத்துக்காட்டினார்.

பேச்சில் தேய்ந்துவந்த ‘ஷால்’, கட்டளையைக் குறிக்கும் சொல்லாகச் சட்டத்தில் நிலைத்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் ஆங்கில மூலமும் அதை நெடுக ஆள்கிறது. அங்கும் பொருள் ஐயமின்றி நிற்கவில்லை. அரசு ஊழியர்மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிப்பது பற்றிய 320ஆம் உறுப்பில் இவ்வினை இருந்தும், அது கட்டாயப்படுத்துவதன்று, வழிகாட்டுவதே என 1957இல் மன்போதன் லால் ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அமெரிக்கக் கூட்டாட்சியின் உரிமையியல் நடைமுறை விதிகளோ, 2007இல் திருத்தி எழுதப்பட்டபோது, இத்தகைய ஐயங்களுக்கு இடந்தரும் ‘ஷால்’ என்பதை அறவே கைவிட்டன.