சொல்லப்படாத மகிழ்ச்சி: சிங்கப்பூர்த் தமிழரின் அன்றாட இன்பங்கள்

பத்தாண்டு நிறைவெய்தும் நம் இலக்கிய வட்டத்தின் நினைவு மலருக்கு அயலகத் தமிழர் பற்றி வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என மலர்க்குழுவினர் பணித்தனர். அயலகத் தமிழர் என்றதும் நம் எழுதுகோல் தானாகவே கண்ணீரைத் தொட்டுக்கொண்டு எழுதத் தொடங்கிவிடுகிறது. தோட்டக்காட்டின் அட்டைக்கடியும், கங்காணியின் பிரம்பும், சயாம் இரயில் பாதையில் மாண்ட பல்லாயிரவரின் சாவும் மறுக்கவொண்ணாத உண்மைகள். அவற்றை மறப்பது நன்றிகொன்ற செயலாகும். ஆயினும், கடல் கடந்து சென்ற மனிதன் அங்கு ஒரு நாளேனும் வாய்விட்டுச் சிரித்ததில்லையா? மாலை வேளையில் கடைவீதியில் கைவீசி நடந்ததில்லையா? நடந்திருப்பான் எனின், அந்நடை நம் வரலாற்றில் ஏன் இடம் பெறவில்லை? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். பரந்துபட்ட செய்தி இது. ஆதலின் சிங்கப்பூரை மட்டும், அங்கும் சிராங்கூன் சாலையை அடுத்த ஒரு திடலையும் அதைச் சூழ்ந்த சில தெருக்களையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

லாவணியில் ஒரு நகர்

சிங்கப்பூரின் தமிழ் அச்சுப் படைப்புகளில் பழையவற்றுள் ஒன்று, 1893-இல் வெளிவந்த ‘குதிரைப் பந்தய லாவணி’. இதனை இயற்றியவர் ந. வ. ரங்கசாமி தாசன். அதற்கு ஆறாண்டுகள் முன்னரே, 1887-இல், சதாசிவ பண்டிதரின் ‘சிங்கை நகர் அந்தாதி’ அங்கு வெளிவந்துவிட்டது. அதே ஆண்டில் ‘சிங்கை நேசன்’ என்னும் இதழும் தோன்றிற்று. அந்தாதி இறைவனைப் பாடிற்று. லாவணியோ ஊரைப் பாடிற்று. குதிரைப் பந்தயம் காணப் புறப்படும் கணவனும் மனைவியும் வழிநெடுகக் காணும் நகரக் காட்சிகளே அதன் பொருள்.

லாவணி மராட்டிய நிலத்துப் பாட்டு வகை. தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தில் தமிழகத்தில் வேரூன்றிற்று. எரிந்த கட்சி, எரியாத கட்சி எனக் காமன் பண்டிகைத் திடல்களில் இரு கட்சியார் எதிரெதிரே அமர்ந்து விடிய விடியப் பாடியதை நம் காவிரிக்கரை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். அப்பாட்டு, பாய்மரமும் நீராவியும் ஏறிக் கடல் கடந்து, புதியதொரு பட்டணத்தின் பந்தயத் திடலைப் பாடப் பயன்பட்டது என்பது ஈண்டு கருதத்தக்கது.

நகரை நடந்து காணும் மரபு நமக்குப் புதிதன்று. மதுரைக்காஞ்சி பகலும் இரவுமாக மாநகரைச் சுற்றிக் காட்டுகிறது. சிலப்பதிகாரத்தில், பிழைப்புத் தேடி அயலூர் புகுந்த கோவலன், பெருந்துயர் நேர்வதற்கு முன்னே, ஊர்காண் காதையில் மதுரைத் தெருக்களைக் கண்டு மகிழ்கிறான். வந்தேறியின் கண்ணுக்கு நகர் முதலில் ஒரு காட்சி என்பதை இளங்கோவடிகள் அறிந்திருந்தார். ரங்கசாமி தாசனும் அறிந்திருந்தார்.

1893-இல் அக்கணவனும் மனைவியும் எத்தகைய நகரில் நடந்திருப்பர்? ஷாங்காயிலிருந்து 1880-இல் வந்து சேர்ந்த ரிக்ஷாக்கள் தெருக்களில் பெருகியிருந்தன. 1886-இல் தொடங்கிய நீராவி டிராம் வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மறு ஆண்டே அது நின்றுபோயிற்று. கடைகளின் முன்னே மழையும் வெயிலும் படாமல் நடப்பதற்கெனத் தாழ்வாரம் விட வேண்டும் என்பது 1822-இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரமைப்பு விதி. ஐந்தடிப் பாதை எனப் பெயர் பெற்ற அத்தாழ்வாரங்களில் பூக்கட்டுவோரும் கிளிசோதிடரும் பிற்காலத்தில் இடம் பிடித்தனர். நகரமைப்பார் நடப்பதற்கு விட்ட இடத்தை, மக்கள் நிற்பதற்கும் பேசுவதற்கும் உரியதாக்கிக்கொண்டனர்.

ஒரு திடலின் கதை

அத்தம்பதியர் நாடிச் சென்ற பந்தயத் திடல், இன்று ஃபேரர் பார்க் எனப்படும் பகுதியில் இருந்தது. 1842-இல் அமைக்கப்பெற்ற அத்திடலில் 1843-இல் முதற்பந்தயம் நடந்தது. பந்தயத்தை நடத்தியவர்கள் ஐரோப்பியர். மாடியமர்ந்து கண்டவர்களும் அவர்களே. ஆனால் வேலிக்கு வெளியே நின்று காணக் கட்டணம் ஏது? மாடு வளர்ப்போர், பால் கறந்து விற்போர், துணி வெளுப்போர், சூளையில் செங்கல் அறுப்போர் என அத்திடலைச் சுற்றித் தமிழர் வாழ்ந்தனர். அருகிருந்த வட்டாரத்திற்கு மலாய் மொழியில் ‘கண்டாங் கெர்பாவ்’, அதாவது எருமைத் தொழுவம், என்றே பெயர். இந்நாட்டிலிருந்து குதிரைப் பந்தயம் காணச் சென்றவர் எவருமிலர். பிழைக்கச் சென்ற இடத்தில் குதிரைப் பந்தயம் அவர்கள் வாசலுக்கு வந்தது. 1911 மார்ச்சில் சிங்கப்பூரின் முதல் வானூர்தி இத்திடலிலிருந்தே மேலெழுந்தது.

1933-இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறிற்று. திடல் விளையாட்டு மைதானமாயிற்று. பின்னர் 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, பிரித்தானியப் படையிலிருந்த இந்திய வீரர் ஏறத்தாழ 45,000 பேர் இதே திடலில் கூட்டப்பெற்று ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்திய தேசிய ராணுவத்தின் தொடக்கம் அங்கு நிகழ்ந்தது. அந்நாள் வரலாற்று நூல்கள் யாவற்றிலும் இருக்கிறது, இருத்தலும் வேண்டும். அதற்கு முன் தொண்ணூறு ஆண்டுகள் அத்திடல் கண்ட ஆரவாரமோ ஒரு லாவணியில் மட்டும் தங்கியிருக்கிறது.

தாத்தாவின் ஞாயிறு

என் தந்தையைப் பெற்ற தாத்தா 1949-இல் சிங்கப்பூர் சென்று, தீவின் வடகோடியிலுள்ள செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். பிரித்தானியர் தளத்தைக் காலி செய்தபோது, 1971-இல், ஒரு தகரப் பெட்டியுடன் ஊர் திரும்பினார். எங்கள் வீட்டில் அவருடைய சிங்கப்பூர் வாழ்க்கை ஒரே வாக்கியமாகவே வழங்கிவந்தது: “ராப்பகலா உழைச்சு எங்களைக் கரையேத்தினாரு.” அது பொய்யன்று. ஆனால் நான் கல்லூரியில் படித்த காலத்தில், திண்ணையில் அவருக்கு நாளிதழ் படித்துக் காட்டிய மாலைகளில், அவ்வாக்கியத்தில் அடங்காத செய்திகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேய்த்த சட்டை போட்டுப் பஸ் ஏறிச் சிராங்கூன் சாலைக்கு வருவார்களாம். தேக்கா சந்தையில் மீன் விலை கேட்பது. வாங்குவதில்லை, கேட்பது மட்டும். பிறகு கடையில் டின் பால் கலந்த கோப்பி. அதைத் தட்டில் ஊற்றி ஆற்றி உறிஞ்சுவது. முடிதிருத்தகத்தில் ஒருவர் ‘தமிழ் முரசு’ படிக்க, எழுத்தறியாத தாத்தா முதலிய நால்வர் கேட்பது. மாலையில் தமிழ்ப்படம், அல்லது ஜாலான் புசாரில் 1923 முதல் இயங்கிய ‘நியூ வோர்ல்ட்’ கேளிக்கைப் பூங்கா. அங்கு மலாய்க்காரரின் பங்சவான் நாடகமும் சீனர் கூத்தும் குத்துச்சண்டையும் ஒரே கூரையடியில் நடக்கும். மொழி தெரியாமலே சீனக் கூத்தில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று முகப்பூச்சைக் கொண்டு கண்டுபிடிக்கக் கற்றதாகச் சொல்லிச் சிரிப்பார். நண்பர் நால்வர் கூட்டாகப் பணம் போட்டு ஒரு முறை குதிரை மேல் கட்டினார்கள். தோற்றார்கள். பஸ் காசும் இல்லாமல் பாதி வழி நடந்தார்கள். “அன்னிக்குச் சிரிச்ச மாதிரி அப்புறம் சிரிச்சதில்ல பாப்பா” என்றார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, உள்வாசற்பக்கம் ஒரு பார்வை பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொள்வார். “அப்பாயி காதுல விழ வேணாம்.”

அப்பாயிக்கு அப்போது எழுபது வயது கடந்திருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் இரண்டு பிள்ளைகளோடு தனியே இருந்து, அவர் அனுப்பிய வெள்ளியை எண்ணி எண்ணிச் செலவு செய்தவர். தாம் கஞ்சி குடித்த ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் கோப்பி குடித்துச் சிரித்தார் என்பதை, ஐம்பது ஆண்டுகள் சென்ற பின்னும், அவர் முன் சொல்ல தாத்தாவுக்குத் துணிவில்லை.

மௌனத்தின் காரணம்

என் வினாவுக்கு விடை அங்கேதான் கிடைத்தது. அயலகத் தமிழரின் இன்பங்கள் பதிவாகாமற்போனது, அவை இல்லாமையால் அன்று; ஊரில் காத்திருந்தோர் முன் அவற்றைச் சொல்லக் கூசியதால். ஊருக்கு எழுதிய கடிதம் நலம் விசாரிக்கும், பணம் அனுப்பிய விவரம் சொல்லும், அடுத்த ஆண்டு வருவதாக உறுதி கூறும். கோப்பியைப் பற்றி எழுதாது. அக்கடிதங்களையும் அவற்றைப் படித்தோரின் நினைவுகளையும் சான்றாகக்கொண்டு எழுதப்படும் வரலாறு, சான்றில் இல்லாததை எங்ஙனம் காணும்?

இந்நோக்கில் ரங்கசாமி தாசனின் லாவணி தனிச்சிறப்புடையது. அது ஊருக்கு எழுதிய கடிதமன்று; சிங்கப்பூரில் அச்சாகிச் சிங்கப்பூர்த் தமிழர் கையில் புழங்கிய நூல். அதற்குக் கூச்சம் தேவைப்படவில்லை. மற்றொன்றும் நோக்கத்தக்கது. அக்காலச் சிங்கப்பூர்த் தமிழருள் ஆடவரே மிகுதி. பெரும்பாலோர் மனைவியை ஊரில் விட்டு வந்தவர்கள். அவர்களுக்கென எழுதப்பட்ட பாட்டில் கணவனோடு மனைவி கைகோத்து நடக்கிறாள். பந்தயத்தினும் பெரிய ஆசை அதுவாக இருந்திருக்கலாம் என்பது என் கருத்து.

இன்பம் யாவும் நன்மை பயந்தன என்று நான் கூற வரவில்லை. சூதும் கள்ளும் பலருடைய கூலியை விழுங்கின. 1932-இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கம் குடியை எதிர்த்து உழைத்ததற்குக் காரணமிருந்தது. ஆனால் கோ. சாரங்கபாணி போன்றோர் இன்பத்தை விலக்கியதோடு நில்லாமல், வேறோர் இன்பத்தைக் கையளித்தனர். 1935-இல் ‘தமிழ் முரசு’ தொடங்கப்பெற்றது. 1952-இல் தமிழர் திருநாள் மலர்ந்தது. 1950-களில் மாணவர் மணிமன்றத்தின் வழியாகச் சிறுவர் தம் பெயரை அச்சில் கண்டு பூரித்தனர். அப்பூரிப்பிலிருந்தே அந்நாட்டின் எழுத்தாளர் தலைமுறை ஒன்று எழுந்தது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக நிலைபெற்றதற்கு அரசியல் காரணங்கள் பல உண்டு. ஆயினும், முடிதிருத்தகத்தில் காது கொடுத்துக் கேட்ட நால்வர் இல்லையெனில் எந்த மொழிக்கும் சட்டம் மட்டும் உயிர் தந்துவிடாது.

இன்றைய ஞாயிறு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கின் பொருட்டுச் சிங்கப்பூர் சென்றிருந்தேன். ஞாயிறு மாலை, பழைய திடலின் நினைவாகப் பெயர் மட்டும் தாங்கி நிற்கும் ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் நடந்தேன். 2013 டிசம்பர் 8-ஆம் நாள், இச்சாலையில் தமிழகத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததும், அதைத் தொடர்ந்து மூண்ட கலவரமும் உலகறிந்தவை. விசாரணைக் குழுவின் அறிக்கையும் மறு ஆண்டே வெளிவந்தது. அந்த ஒரு ஞாயிற்றுக்கு அறிக்கை இருக்கிறது. மற்ற ஞாயிறுகளுக்கு?

நான் கண்ட ஞாயிற்றில், புல்தரையில் இளைஞர் பத்துப்பேர் வட்டமாக அமர்ந்து பொட்டலம் பிரித்து உண்டுகொண்டிருந்தனர். பேச்சு புதுக்கோட்டைப் பக்கத்துப் பேச்சு. ஒருவனைக் கேலி செய்து மற்றவர்கள் ஆர்ப்பரித்தார்கள். அவ்வேளை ஒரு தம்பிக்குக் கைப்பேசி ஒலித்தது. எழுந்து சற்றுத் தள்ளிப் போய், சிரிப்பொலி கேளாதபடி ஒரு மரத்தின் பின் நின்று பேசினான்: “சும்மா ரூம்லதாம்மா இருக்கேன். சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா?” பிறகு திரும்பி வந்து வட்டத்தில் அமர்ந்தான். உள்வாசலைப் பார்த்துக் குரல் தாழ்த்திய தாத்தாவை அங்கு மீண்டும் கண்டேன்.

2020 ஏப்ரலில் தொழிலாளர் விடுதிகள் நோய்ப்பரவலால் அடைக்கப்பட்டபோது அந்த ஞாயிறுகளும் நின்றுபோயின. கூலி நின்றால் அதற்குக் கணக்குண்டு. நின்றுபோன ஞாயிற்றுக்கு எந்த ஏட்டிலும் கணக்கில்லை.

2024 அக்டோபர் 5-ஆம் நாள் சிங்கப்பூரின் கடைசிக் குதிரைப் பந்தயம் கிராஞ்சித் திடலில் ஓடி முடிந்தது. நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு கேளிக்கையின் கதை முடிவுற்றது. இனி அங்குக் குதிரை ஓடாது. ஆனால் 1893-இல் ஒரு தமிழர், பெரும்புலவர் எனப் பெயர் பெறாதவர், பொழுதுபோக்குப் பாட்டென்று எழுதி வைத்ததால், அப்பந்தயத்திற்குப் போகும் வழி மட்டும் தமிழில் திறந்திருக்கிறது.

நம் வட்டத்தில் கவிஞர் பலர் உள்ளனர். அவர்தம் உறவினருள் துபாயிலும் சிங்கப்பூரிலும் குவைத்திலும் இருப்போர் உண்டு. 2014 முதல் சிங்கப்பூரில் புலம்பெயர் தொழிலாளர்க்கெனக் கவிதைப் போட்டியும் நடத்தப்பட்டு வந்திருக்கிறது. எழுதும் கைகள் அங்கும் இருக்கின்றன. அடுத்த முறை விடுப்பில் வருவோரிடம் அவர்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். கேட்டு முடித்தபின், அங்கே எங்கே தேநீர் குடிப்பீர்கள், யாரோடு சிரிப்பீர்கள் என்றும் கேளுங்கள். முதலில் தயங்குவார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். பொறுத்திருந்தால் சொல்வார்கள்.

அப்பாயி 2006-இல் மறைந்தார். தாத்தா அதற்கு மூன்றாண்டு முன்பே போய்விட்டார். அவர் மறைந்த ஆண்டு, ஒரு நாள் அப்பாயி என்னிடம் மெல்லக் கேட்டார்: “அங்க சந்தோசமா இருந்தேன்னு உங்கிட்டயாவது சொன்னாரா?” சொன்னார் என்றேன். முழுவதும் கேட்டார். குதிரை தோற்ற இடத்தில் அவரும் சிரித்தார்.