முதல் போட்டிக்கு முன்: சண்டை விளையாட்டுகளின் சின்ன வரலாறு

எங்கள் குமரி மாவட்டத்தில் 'அடிமுறை' என்றால் தெரியாதவர்கள் குறைவு. தெக்கன் களரி என்றும் சொல்வார்கள். வடக்கே கேரளத்தில் குருக்கள், பரசுராமர். இங்கே ஆசான், அகத்தியர். ஆசானிடம் போனவுடன் சண்டைக்கு விடமாட்டார். முதலில் சுவடு. கால் எங்கே வைப்பது, எப்படித் திரும்புவது என்று தனியாகப் போட்டுப் போட்டுப் பழக வேண்டும். எதிரில் ஆள் வருவதெல்லாம் பிறகுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வருகிற சனிக்கிழமை நண்பன் வீட்டு மாடியில் எங்களுக்கு டெக்கன் போட்டி. மொத்தம் பன்னிரண்டு பேர். எனக்கு இதுதான் முதல் போட்டி. இரண்டு வாரமாக அறைக்குள் உட்கார்ந்து பிராக்டிஸ் மோடில் சுவடு போட்டுக்கொண்டிருக்கிறேன் :-) இந்தப் போட்டிகள் எப்படித்தான் ஆரம்பித்தன என்று இடையில் தேடிப் படித்தேன். சுவாரசியமாக இருந்தது.

1991-ல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' வெளியிட்டது. காசு போட்டு ஆடும் பெட்டி. இரண்டு பேர் தோளோடு தோள் நின்று மோதுவார்கள். தோற்றவன் விலக, அடுத்தவன் காசு போடுவான். எதிராளி சுதாரிப்பதற்குள் அடிமேல் அடி சேர்க்கும் 'காம்போ' அதில் திட்டமிட்டு வைத்ததே இல்லை! காரை உடைக்கும் போனஸ் கட்டத்தைச் சோதிக்கும்போது தயாரிப்பாளர் ஃபுனாமிசு தற்செயலாகக் கவனித்தார். இவ்வளவு நுணுக்கமான நேரக்கணக்கு யாருக்கும் பயன்படாது என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டார்களாம். பையன்கள் விடுவார்களா?

1996-ல் கலிபோர்னியாவின் சன்னிவேலில் 'பேட்டில் பை தி பே' என்று ஒரு போட்டி நடந்தது. ஆடியவர்கள் சுமார் 40 பேர். அதுதான் 2002-ல் 'இவோ' என்று பெயர் மாறியது. 2023-ல் அங்கே ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஆட மட்டும் 7,000 பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். ஒருமுறை தோற்றால் அங்கே வெளியே அனுப்ப மாட்டார்கள். தோற்றவர்களுக்குத் தனி வரிசை உண்டு. இரண்டாவது தோல்விக்குத்தான் வீடு. எங்கள் மாடியிலும் அதே விதி. முதல் தடவை போகிறவன் பெரும்பாலும் இரண்டும் தோற்றுத் திரும்புவான் என்கிறார்கள். என் லட்சியம் ஒரே ஒரு வெற்றி.

2004 இவோவில் ஜப்பானின் டைகோ உமேஹாரா, சாவின் விளிம்பில் நின்ற தன் கென்னை வைத்து, ஜஸ்டின் வாங்கின் சுன் லீ தொடர்ந்து உதைத்த 15 உதைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுத் திருப்பி அடித்து ஜெயித்த வீடியோவைப் பார்க்காதவர்கள் உடனே பாருங்கள். கூட்டம் போடும் கத்தலுக்கே பார்க்கலாம். அவ்வளவு செய்த டைகோ, அந்த வருடம் இறுதிப் போட்டியில் தோற்றார் என்பது கொசுறுத் தகவல்.

ஆனால் என்னை யோசிக்க வைத்தவர் லாகூர்க்காரர் அர்ஸ்லான் ஆஷ். பாகிஸ்தானில் இருந்து வெளிநாட்டுப் போட்டிக்கு விசா வாங்குவதே பெரும்பாடு. 2019 பிப்ரவரியில் ஃபுகுவோகாவில் நடந்த இவோ ஜப்பானுக்கு அலைந்து திரிந்து போய்ச் சேர்ந்து, டெக்கன் 7-ல் முதல் பரிசு வாங்கினார். அதே ஆகஸ்டில் லாஸ் வேகாஸிலும் ஜெயித்தார். தன்னைப் போல இன்னும் பலர் ஊரில் இருக்கிறார்கள் என்றார். உலகத்துக்குத் தெரியாமல் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் அடித்தே வளர்ந்திருக்கிறார்கள்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஆட்டம் நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடுகிறது. டெக்கனில் வேகமான குத்து 10 ஃப்ரேமில், அதாவது நொடியில் ஆறில் ஒரு பங்கில் வந்து விழும். பார்த்துத் தடுப்பது நடக்காது. எதிராளி என்ன செய்வான் என்று ஊகிக்கத்தான் வேண்டும். பிராக்டிஸ் மோடில் சும்மா நிற்கும் பொம்மையிடம் எதை ஊகிப்பது? ஆன்லைனில் ஆடலாம் என்றால், எங்கள் வீட்டு நெட் சேர்க்கும் தாமதத்தில் கை தப்பான நேரத்தைப் பழகிவிடுகிறது.

அதனால் நேற்று எதிர்வீட்டு அண்ணனைக் கூப்பிட்டு ஆடினேன். பதினோரு ஆட்டம் அவருக்கு, இரண்டு எனக்கு. முடிந்ததும், "மக்கா, அடி வாங்கி எழும்பும்போதெல்லாம் நீ குதிக்க. நான் அதுக்குத்தான் காத்து நின்னேன்" என்றார். இரண்டு வாரத்தில் பொம்மை இதை என்னிடம் சொல்லவே இல்லை.

சனிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அண்ணன் இன்று சாயங்காலமும் வருகிறார்.