டவுன்காரங்க

2011-ல் மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது, பேரூராட்சியாக இருந்த எங்கள் விளாங்குடியும் உள்ளே போனது. "இனிமே நாமளும் மதுரதான்டி" என்று அம்மா சிரித்தாள். வீட்டில் அப்போதும் பழைய சேலைத் துணிதான். துவைத்து, பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவோம்.

மறு வருஷம் மார்ச்சில் ஜெயலலிதா அரசு 'புதுயுகம்' திட்டத்தைத் தொடங்கியது. 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு இலவச நாப்கின். இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுத்தார்கள். ஆனால் கிராமப்புறத்துக்குத்தான். கிராமத்தில் இருந்த சித்தி மகள் வாங்கினாள். "ஒங்களுக்கென்னடி, டவுன்காரங்க" என்றாள். நகரங்களுக்கு அது வந்தது பிற்பாடுதான்.

அவள் கணக்கும் நிறைவில்லை. மாதத்துக்கு ஒன்பது வரும். அஞ்சு நாளைக்கு ஒன்பது எப்படிப் பத்தும்?

2017-ல் நாப்கினுக்கு 12 சதவீத ஜிஎஸ்டி வந்தது. எதிர்ப்புக்குப் பின் 2018 ஜூலையில் நீங்கியது. ஸ்காட்லாந்தில் 2022 ஆகஸ்ட் முதல், தேவைப்படும் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கச் செய்வது உள்ளாட்சியின் சட்டக் கடமை. இங்கே அது மாநில சுகாதாரத் துறையின் திட்டம். திட்டத்துக்கு எல்லைக்கோடு உண்டு, வயசு உண்டு. அம்மாவுக்கு ஒருநாளும் அதில் இடமில்லை.

வீட்டு வரி மாநகராட்சிக்குத்தான் கட்டுகிறோம். எங்கள் தெருவில் நாப்கின் அதன் கைக்குப் போவது கடைசியில், குப்பையாக. அந்தக் கையும் தூய்மைப் பணி செய்யும் ஒரு அக்காவுடையது.