பத்து நிமிடம்

1972 அக்டோபர் 1. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க். மாரத்தான் ஓட வந்த ஆறு பெண்கள் தொடக்கக் கோட்டில் நிற்கிறார்கள். துப்பாக்கி வெடிக்கிறது. ஒருவரும் ஓடவில்லை. ஆறு பேரும் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். கையில் அட்டைகள் வைத்திருக்கிறார்கள். இது 1972, இனியாவது முழித்துக்கொள் என்று அமெச்சூர் அத்லெட்டிக் யூனியனைப் பார்த்துச் சொல்கிறது ஒரு அட்டை. பத்து நிமிடம் கழித்து ஆண்களுக்கான துப்பாக்கி வெடிக்கிறது. இப்போது எழுந்து, ஆண்களோடு சேர்ந்து ஓடத் தொடங்குகிறார்கள்.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் தடகளப் போட்டிகளை அன்று கட்டுப்படுத்திக்கொண்டிருந்த அந்த யூனியன், பெண்கள் மாரத்தான் ஓடலாம் என்று அப்போதுதான் மனமிரங்கியிருந்தது. ஒரு நிபந்தனை மட்டும் போட்டது. ஆண்களோடு சேர்ந்து கிளம்பக் கூடாது. நேரத்தாலோ இடத்தாலோ தனியாகக் கிளம்ப வேண்டும். நியூயார்க்கில் அது பத்து நிமிட இடைவெளி ஆனது. பெண்கள் உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிடத்தையும் அவர்களுடைய ஓட்ட நேரத்தோடு கூட்டினார்கள். பெண்களில் முதலாவதாக வந்தவர் நீனா குஸிக். அவருக்கு மூன்று பிள்ளைகள்.

அந்தப் புகைப்படம் என் போனில் இருக்கிறது. என் முதல் அரை மாரத்தானுக்குத் தயாராகும் இந்த மாதங்களில் அதை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். 21.0975 கிலோமீட்டர். மகளுக்கு நான்கு வயது. ஆபீஸில் ஸ்பிரிண்ட் முடிவதும் வீட்டில் மாவு தீர்வதும் ஒரே நாளில் நடக்கும். வாரம் நான்கு நாள் ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் என்று பன்னிரண்டு வாரத் திட்டம் ஒன்றைப் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டிய அன்று, ஈரோட்டிலிருந்து வந்திருந்த அத்தை அதை நின்று படித்தார். பிறகு சன்னமான குரலில் கேட்டார்: "ஏன் கண்ணு, இப்படிக் குதிச்சுக் குதிச்சு ஓடுனா கர்ப்பப்பை எறங்கிடாதா?"

சிரிப்புதான் வந்தது. சிரித்துவிட்டுத் தேடிப் பார்த்தால், இதே கேள்வி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல பத்தாண்டுகள் பெண்களை ஓடவிடாமல் நிறுத்தி வைத்திருக்கிறது. அங்கே கேட்டவர்கள் மாமியார்கள் மட்டுமல்ல. மருத்துவர்களும் பத்திரிகையாளர்களும் விளையாட்டு அதிகாரிகளும்தான்.

*

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கிலிருந்து தொடங்கலாம். பெண்களுக்குத் தடகளப் போட்டிகள் முதன்முதலாக அனுமதிக்கப்பட்ட ஒலிம்பிக் அது. அவற்றில் 800 மீட்டரும் ஒன்று. இறுதிச் சுற்றில் ஒன்பது பேர் ஓடினார்கள், ஒன்பது பேரும் முடித்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலக சாதனை படைத்தார். ஜப்பானின் கினுவே ஹிட்டோமி இரண்டாவது.

மறுநாள் பத்திரிகைகளில் வந்தது வேறு ஓட்டம். ஒரு அமெரிக்கச் செய்தியாளர் எழுதிய கணக்கில் ஓடியவர்கள் பதினோரு பேர். அதில் ஐந்து பேர் பாதியில் விட்டார்கள், ஐந்து பேர் எல்லையைத் தொட்டதும் சுருண்டு விழுந்தார்கள். ஓடியவர்களின் எண்ணிக்கையே தப்பு. எல்லைக் கோட்டில் ஒருவர் விழுந்தார், சிலர் மூச்சு வாங்கிக்கொண்டு புல்லில் சாய்ந்தார்கள். அவ்வளவுதான். 800 மீட்டரை முழு வேகத்தில் ஓடி முடித்த யாரும் செய்வது அது. ஆண்களும் அப்படித்தான் சாய்வார்கள். ஆண் சாய்ந்தால் வீரம், பெண் சாய்ந்தால் பலவீனம் என்று எழுதத்தான் ஆள் இருந்தது.

அந்தச் செய்திகளின் நிழலில் ஒலிம்பிக்கிலிருந்து பெண்களின் 800 மீட்டர் எடுக்கப்பட்டது. திரும்பி வந்தது 1960இல், ரோமில். நடுவில் 32 வருடம். லீனா ராட்கே ஓடிய வருடம் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு, அந்த ஓட்டம் மீண்டும் வரும்போது 32 வயது. ஓடும் வயதே முடிந்திருக்கும்.

800 மீட்டருக்கே இந்தப் பாடு என்றால் 42 கிலோமீட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1966இல் பாபி கிப் என்ற இளம்பெண் பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பித்தார். பெண்களின் உடலமைப்பு அந்தத் தூரத்தைத் தாங்காது என்று பதில் கடிதம் வந்தது. சான் டியேகோவிலிருந்து நாள்கணக்கில் பஸ்ஸில் வந்தார். அண்ணன் தம்பியுடைய அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டார். தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்துப் புதரில் ஒளிந்திருந்து, கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்து ஓடினார். 3 மணி 21 நிமிடம். ஓடிய ஆண்களில் பெரும்பாலானவர்கள் அவருக்குப் பின்னால்தான் வந்தார்கள். அன்று காலை அவரைக் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டவர் அவருடைய அம்மா.

அடுத்த வருடம் கேத்ரின் ஸ்விட்சர். கே. வி. ஸ்விட்சர் என்று முதலெழுத்துகளோடு பதிவு செய்து, 261ஆம் எண்ணை வாங்கிக்கொண்டு ஓடினார். நடுவழியில் போட்டி அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்து அந்த எண்ணைப் பிய்க்கப் பார்த்த படம் உலகம் முழுக்கப் போனது. அந்தப் படம் நம் எல்லோருக்கும் தெரியும். அதனால் அதைக் கடந்து போகிறேன். என்னை நிறுத்தியவர்கள் அதற்குப் பிறகு வந்தவர்கள்.

*

1969, 1970, 1971 என்று மூன்று வருடமும் பாஸ்டனில் பெண்களில் முதலாவதாக வந்தவர் சாரா மே பெர்மன். மூன்று பிள்ளைகளின் தாய். அதிகாரபூர்வமாக அவர் ஓடவே இல்லை. அந்த வெற்றிகளைப் போட்டிக் குழு ஏற்றுக்கொண்டது 1996இல்.

நீனா குஸிக்கும் 1969இலேயே பாஸ்டனில் ஓடத் தொடங்கிவிட்டார். புரூக்ளினில் பிறந்தவர், நர்ஸுக்குப் படித்தவர். அதற்கு முன்பே சைக்கிள், ஸ்கேட்டிங் என்று மாநில அளவில் ஜெயித்தவர். 1970இல் முதல் நியூயார்க் மாரத்தான் நடந்தபோது அதில் கிளம்பிய ஒரே பெண் அவர்தான். உடம்பு சரியில்லாமல் பாதியில் நிறுத்தினார். அடுத்த வருடம் அதே போட்டியில் பெத் பானரும் அவரும் மூன்று மணி நேரத்துக்குள் முடித்தார்கள். பானர் 2:55:22, குஸிக் 2:56:04.

1972 ஏப்ரலில் பாஸ்டன் முதன்முறையாகப் பெண்களை முறைப்படி அனுமதித்தது. எட்டுப் பெண்கள் கிளம்பினார்கள், எட்டுப் பேரும் முடித்தார்கள். 3 மணி 10 நிமிடத்தில் குஸிக் முதலாவது. வழியெல்லாம் வயிற்றுப்போக்கு. நிற்காமல் ஓடினார். நின்றால் என்ன சொல்வார்கள் என்பதற்கு 1928 இருக்கிறதே.

அதே வருடம் அக்டோபரில்தான் அந்தப் பத்து நிமிடம்.

அதை ஒரு சின்ன நிர்வாக விதி என்று சிலர் நினைத்திருக்கலாம். ஓடவே விடாத காலத்திலிருந்து ஓடவிடும் காலத்துக்கு வந்தாச்சு, இன்னும் என்ன? ஆனால் அந்த இடைவெளி சொன்னது என்ன? ஓடிக்கோ, ஆனால் அது எங்கள் ஓட்டம் இல்லை. உன் நேரம் எங்கள் கடிகாரத்தில் சேராது. ஒளிந்து ஓடிப் பார்த்தாயிற்று, பெயரை மறைத்து ஓடியாயிற்று. இந்த முறை ஓடாமல் உட்கார்ந்தார்கள். அந்த விதி அதிக காலம் தாங்கவில்லை.

குஸிக் இன்னொரு வேலையும் செய்தார். யூனியனின் கமிட்டிகளில் உட்கார்ந்து விதிகளை மாற்றப் போராடினார். மாரத்தானில் பெண்கள் பங்கெடுத்த வரலாற்றை ஒரு கட்டுரையாக எழுதினார். 1977இல் நியூயார்க் அறிவியல் கழகத்தின் தொகுப்பில், மாரத்தானின் உடலியல் பற்றிய மருத்துவக் கட்டுரைகளுக்கு நடுவே அது வெளிவந்தது. மூன்று பிள்ளைகள், வேலை, பயிற்சி, கமிட்டி, கட்டுரை. இதில் எதை எப்போது செய்தார் என்பதுதான் எனக்கு மாரத்தானைவிடப் பெரிய ஆச்சரியம்.

*

ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் வான் ஆக்கன் என்ற மருத்துவர், பெண்களின் உடம்பு நெடுந்தூரத்துக்கு நன்றாகவே பொருந்தும் என்று வாதாடிக்கொண்டிருந்தார். வேகத்தை விடு, மெதுவாக, நீண்ட தூரம் ஓடு என்பது அவருடைய பயிற்சி முறை. 1973இல் வால்ட்னீல் என்ற தன் ஊரில் பெண்களுக்கு மட்டுமான மாரத்தானை நடத்தினார். இன்று என் ஃப்ரிட்ஜில் இருக்கும் திட்டத்திலும் பாதிக்கு மேல் அதுதான்: பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் ஓடு. மூச்சு வாங்கிப் பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம், குறை.

1981இல் ஒலிம்பிக் கமிட்டி இறங்கி வந்தது. 1984 லாஸ் ஏஞ்சலீஸில் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தான். ஜோன் பெனாய்ட் 2:24:52இல் ஜெயித்தார். ஆனால் அன்று கூட்டம் எழுந்து நின்று பார்த்தது இன்னொருவரையும்தான். சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ். வெயிலில் உடம்பு ஒரு பக்கமாக இழுக்க, கடைசிச் சுற்றைத் தள்ளாடித் தள்ளாடி ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்து முடித்து, கோட்டைத் தாண்டி விழுந்தார். 37ஆவது இடம். 1928இல் நடந்ததாகச் சொல்லப்பட்டது 1984இல் உண்மையாகவே, டிவி கேமரா முன்னால் நடந்தது. இந்த முறை யாரும் போட்டியை எடுக்கவில்லை. கைதட்டினார்கள்.

அதே ஓட்டத்தில் நான்காவதாக வந்தவர் நார்வேயின் இங்க்ரிட் கிறிஸ்டியான்சன். 1983 ஆகஸ்டில் அவருக்குக் குழந்தை பிறந்தது. ஐந்தே மாதத்தில் ஹூஸ்டன் மாரத்தானை ஜெயித்தார். 1985இல் லண்டனில் 2:21:06. அந்த உலக சாதனையை 13 வருடம் யாராலும் தொட முடியவில்லை. தாயான பிறகு வந்த சாதனை. பிரசவம் ஆன உடம்பு தாங்குமா என்ற கேள்விக்கு இதற்கு மேல் பதில் வேண்டாம்.

*

ஆனாலும் அத்தையின் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. ஒரு நாள் அவரிடமே கேட்டேன், யாருக்காவது அப்படி ஆகிப் பார்த்திருக்கிறாரா என்று. "ஏன் பாக்காம? எங்க பெரியம்மாவுக்கே ஆச்சே" என்றார். பெரியம்மாவுக்கு ஏழு பிரசவம். குழந்தை பிறந்த பதினைந்தாம் நாள் கிணற்றில் தண்ணீர் சேந்தினார். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். பருத்திக் காட்டு வேலை வேறு. கடைசிவரை யாரிடமும் சொல்லாமலே இருந்தாராம்.

கர்ப்பப்பை இறங்குவது கட்டுக்கதை இல்லை. அடுத்தடுத்த பிரசவங்களும், உடம்பு தேறுவதற்கு முன்பே சுமந்த பாரமும் இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்திவிடும். பிரசவத்துக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் ஓட வேண்டாம், அந்தத் தசைகளுக்கான பயிற்சியைச் செய்துவிட்டுத் தொடங்கு என்றுதான் இன்றைய இயன்முறை மருத்துவர்களும் சொல்கிறார்கள். அத்தையின் பயத்துக்கு அடிப்படை இருந்தது. ஆனால் பெரியம்மாவின் குடத்தை யாரும் பிடித்து நிறுத்தவில்லை. "தாங்காது, இறக்கி வை" என்று சொல்லவில்லை. 1928இல் ஆம்ஸ்டர்டாமிலும் துணி வெளுத்த பெண்களைப் பார்த்து எந்தப் பத்திரிகையும் பதறியிருக்காது. பெண்ணின் உடம்பு பலவீனமானது என்ற கவலை, அவள் தனக்காக ஒன்றைச் செய்யும்போதுதான் வந்து வாசலில் நிற்கிறது.

இதைச் சொன்னபோது அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஞாயித்துக்கெழம எத்தன மணிக்குக் கெளம்பணும்?" என்றார்.

*

இன்றைய மாரத்தான்களில் நெஞ்சு எண்ணோடு ஒரு சின்ன சிப் தருகிறார்கள். முடிவில் இரண்டு நேரம் வரும். துப்பாக்கி வெடித்ததிலிருந்து கணக்கிட்டது ஒன்று. உங்கள் கால் தொடக்க விரிப்பைத் தாண்டிய நொடியிலிருந்து கணக்கிட்டது இன்னொன்று. கூட்டத்தின் பின்னால் பத்து நிமிடம் நிற்க நேர்ந்தாலும் அது உங்கள் தலையில் விழாது. பொறியாளராக எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் தொடக்கக் கோட்டுக்கு வந்து சேரும் நேரத்தை எந்தச் சிப்பும் எண்ணுவதில்லை. 2018இல் ஆல்ப்ஸ் மலையில் 170 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றின் நடுவே, சோஃபி பவர் என்ற பிரிட்டிஷ் பெண் தன் மூன்று மாதக் குழந்தைக்குப் பாலூட்டிய படம் பரவியது. எல்லோரும் அதை வீரம் என்றார்கள். அவர் பேசியது வேறு. காயம்பட்டவர்கள் தங்கள் இடத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கலாம், கர்ப்பிணிகளுக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் அந்த நிலையில் வந்து நின்றதாகச் சொன்னார். பிறகு விதி மாறியது. வேறு பெரிய மாரத்தான்களிலும் கர்ப்பிணிகளுக்கு அந்த ஏற்பாடு வந்தது. குஸிக் பார்த்த அதே வேலைதான், வேறு ஊரில்.

என் பயிற்சிக் கணக்கை ஒரு எக்ஸெல்லில் வைத்திருக்கிறேன். தேதி, தூரம், நேரம், இதயத்துடிப்பு. மூன்றாவது வாரத்தில் இன்னொரு நெடுவரிசை சேர்த்தேன்: அந்த நேரத்தில் பாப்பாவைப் பார்த்துக்கொண்டது யார். கணவர் பெயர், அத்தை, எதிர்வீட்டு அக்கா, மறுபடி கணவர் என்று அது நிரம்பிக்கொண்டு வருகிறது. சில வரிகளில் யாரும் இல்லை. அந்த வரிகளில் தூரமும் பூஜ்யம்தான்.

அத்தை போன வாரம் ஊருக்குப் போய்விட்டார். இந்த ஞாயிறு 16 கிலோமீட்டர் ஓட வேண்டும். கணவருக்கு அன்று ஆபீஸில் ஆன்கால். எதிர்வீட்டு அக்காவிடம் இன்னும் கேட்கவில்லை. கட்டம் காலியாக இருக்கிறது.