சொத்து மதிப்பீட்டாளர் உரிமம் (அமெரிக்கா)

அமெரிக்காவில் வீட்டுக் கடனுக்காக அடமானச் சொத்தின் சந்தை மதிப்பைக் கணிப்பவர் சொத்து மதிப்பீட்டாளர். உரிமம் தருவது மாநில அரசு. குறைந்தபட்சத் தகுதியை வகுப்பது மதிப்பீட்டு அறக்கட்டளையின் தகுதி வாரியம்.

இந்த ஏற்பாடு ஒரு பெரும் நஷ்டத்திலிருந்து பிறந்தது. 1980களில் சேமிப்பு, கடன் சங்கங்கள் நூற்றுக்கணக்கில் நொடித்துப்போயின. ஊதிப் பெருக்கிய மதிப்பீடுகளை நம்பிக் கொடுத்த கடன்களும் அதற்கு ஒரு காரணம். 1989இல் நிறைவேறிய நிதி நிறுவனச் சீர்திருத்தச் சட்டம் மாநில உரிமத்தைக் கொண்டுவந்தது.

2025 வரை பயிற்சியாளராகச் சேர 75 மணி நேரப் பாடம் தேவைப்பட்டது. குடியிருப்பு உரிமத்துக்கு 150 மணி நேரப் பாடம், 1,000 மணி நேர அனுபவம், தேசியத் தேர்வு ஆகியவை தேவைப்பட்டன. வணிக வளாகம் உட்பட எதையும் மதிப்பிடும் பொதுச் சான்றிதழுக்கு இளங்கலைப் பட்டம், 300 மணி நேரப் பாடம், 3,000 மணி நேர அனுபவம் வேண்டியிருந்தது.

உண்மையான முட்டுக்கட்டை தேர்வு அல்ல, அந்த அனுபவத்தைப் பெற மேற்பார்வையாளராக ஒரு மதிப்பீட்டாளர் கிடைப்பதுதான். நாளைய போட்டியாளரை இன்று சொந்தச் செலவில் பழக்கிவிடப் பலர் தயங்குகிறார்கள். தெரிந்தவர் இல்லாத இளைஞருக்குக் கதவு திறப்பதில்லை, இது அநீதி. கணினி வழிப் பாவனைப் பயிற்சியை அனுபவமாக ஏற்கும் திட்டம் இதற்கு மாற்றாக வந்திருக்கிறது. தாமதமாக வந்தாலும் நல்ல முடிவு.

சில மாநிலங்கள் கூடுதல் நிபந்தனைகள் விதிக்கின்றன. மதிப்பீட்டாளரின் உரிமம் நடப்பில் உள்ளதா என்பதைத் தேசியப் பதிவேட்டில் யாரும் இலவசமாகச் சரிபார்க்கலாம்.